சீமை புல்டாக்கா? உள்ளூர் புல்டாக்கா?

கொஞ்ச காலமாக நாய் வளர்க்கும் பிரியமுள்ளவர்களுக்குள் ஒரு விவகாரம் நடந்து வருகின்றது. அதாவது, அயல் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட புல்டாக் நாய் உசத்தியா, அல்லது உள்நாட்டிலேயே ஈன்று வளர்க்கப்பட்ட புல்டாக் உசத்தியா என்பதாகும். குட்டி விற்கின்றவர், "இதன் தகப்பன் விமானத்தில் வந்தவன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விலை ஏறிவிடுகின்றது. மற்றொரு சாரார் சுதேசி அபிமானம் பேசி, "நம் மண்ணில் பிறந்த குட்டிதான் நம் வெயிலைத் தாங்கும்" என்கின்றார்கள். இரு சாராரும் கை நீட்டுவது வாங்குகிறவனுடைய பணப்பைக்கேயாகும். அவனோ அநேகமாய் மாதச் சம்பளக்காரன். கடன் வாங்கியும் குட்டி வாங்கிவிட்டு, பிறகு மிருக வைத்தியர் வீட்டுக்கு நடையாய் நடக்கின்றான்.

நாய் விவகாரம் ஒரு தலையங்கத்துக்குத் தகுந்த விஷயமா என்று சிலர் கேட்கலாம். ஒரு பொருளின் குணத்தைப் பரீட்சித்துப் பாராமல், அது வந்த இடத்தையும் அதன் பிறப்பையும் கேட்டு மயங்குகின்ற புத்தி எங்கே தலையெடுத்தாலும் அதை எடுத்துக் காட்ட வேண்டியது நமது கடமை என்றே கருதுகின்றோம்.

முதலாவது, இந்த நாயின் சரித்திரத்தைக் கவனிப்போம். புல்டாக் என்பது இங்கிலாந்தில் காளையைக் கட்டி வைத்து, நாயை ஏவிக் கடிக்க விட்டு, ஜனங்கள் வேடிக்கை பார்த்த காலத்து நாய். அந்தக் கொடுமையை 1835ம் வருஷத்தில் பார்லிமெண்டு சட்டம் போட்டு நிறுத்திற்று. வேலை போன பிறகு இந்த நாய் கண்காட்சிப் பொருளாயிற்று. 1873ல் லண்டனில் கென்னல் கிளப் ஏற்பட்டது. 1875ல் புல்டாக்குக்கென்றே தனிச் சங்கமும் ஏற்பட்டது. அதன் பிறகு பரிசுக்காகவும் நாகரிகத்துக்காகவும், மூக்கு எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு உள்ளே போகும்படியும், தலை பெருத்து இடுப்புச் சிறுக்கும்படியும் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கிச் சேர்த்தார்கள். இன்று நாம் காணும் உருவம் மனிதனுடைய ஆசை செய்த வேலையேயாகும்.

அதன் பலனை அநுபவிப்பது நாய். மூக்குத் துவாரம் குறுகியும், தொண்டையில் சதை மிகுந்தும் இருப்பதால் அநேக புல்டாக்குகள் தூங்கும்போதுகூட மூச்சுக்குத் திண்டாடுகின்றன. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல். ஆகையால் தானாக ஈன முடிவதில்லை. 2010ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் புல்டாக்கின் 100 ஈற்றில் 86, வயிற்றைக் கிழித்தே எடுக்கப்பட்டதாகக் கண்டார்கள். லண்டன் ராயல் மிருக வைத்தியக் கல்லூரியார் 2022ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மற்ற நாய்களைப் பார்க்கிலும் புல்டாக்குக்கு வியாதி வரும் சாத்தியம் இரண்டு மடங்கு என்று தெரிய வந்தது. இவை புல்டாக்கின் சொந்த தேசத்திலேயே, அங்குள்ள நிபுணர்களே எடுத்த கணக்குகள் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது.

நிற்க, "அயல் நாட்டு நாயைக் கொண்டு வந்தால் புது இரத்தம் சேருமே, அதனால் ஜாதி திருந்துமே" என்று சிலர் வாதாடுகின்றார்கள். வேறு பிராணிகள் விஷயத்தில் இந்த வாதத்துக்கு இடமுண்டு. புல்டாக் விஷயத்தில் சேருவதற்குப் புது இரத்தம் எங்கே இருக்கின்றது? 2016ல் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் 102 புல்டாக்குகளின் பிறவிக் கூறுகளைச் சோதித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க நாய்கள், மீதி வெளிநாட்டு நாய்கள். அந்த ஜாதிக்குள் வித்தியாசங்கள் மிகவும் குறைந்து போய்விட்டன என்றும், இருக்கின்ற கூட்டத்துக்குள்ளேயே தேடிப் பிடித்து இதை ஆரோக்கியமாக்குவது கஷ்டம் என்றும் அவர்கள் சொன்னார்கள். அப்படியிருக்க, ஒரே குளத்துத் தண்ணீரை ஒரு குடத்திலிருந்து மற்றொரு குடத்துக்கு மாற்றி ஊற்றிவிட்டு, அதைப் புதுத் தண்ணீர் என்று விலை கூறுவது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

அன்றியும், தூர தேசத்திலிருந்து வருவதில் உள்ள ஆபத்தைப் பாருங்கள். 2005 மே முதல் 2010 மே வரை அமெரிக்க விமானப் பிரயாணங்களில் 122 நாய்கள் இறந்ததாக அந்நாட்டுப் போக்குவரத்து இலாகா கணக்கு வெளியிட்டது. அவற்றில் 25 புல்டாக்குகள். வேறெந்த ஜாதி நாயும் இத்தனை சாகவில்லை. மேலும், குட்டி வியாபாரத்தில் லாபம் பெருகப் பெருகக் கள்ளக் காகிதமும் பெருகிற்று. வெறிநோய் ஊசி போட்டதாகப் பொய்ச் சர்ட்டிபிகேட்டுடன் நாய்கள் வருவதைக் கண்டு, அமெரிக்க அரசாங்கம் 2021 ஜூலையில் வெறிநோய் மிகுந்த நாடுகளிலிருந்து நாய் வரவை நிறுத்தி வைத்தது. பிறகு 2024 ஆகஸ்டு முதல், எந்த நாட்டிலிருந்து வந்தாலும் 6 மாதமாவது நிரம்பிய நாயாகத்தான் இருக்க வேண்டும் என்று விதித்தது. காகிதமே பொய்யாக இருக்கக்கூடுமென்று ஒரு பெரிய அரசாங்கமே பயப்படும்போது, அந்தக் காகிதத்தைப் பார்த்து நம்மவர்கள் வாய் பிளப்பது என்ன புத்திசாலித்தனம்?

இனி, உள்ளூர்க்காரர்களின் வாதத்தையும் சோதிப்போம். நம் மண்ணில் பிறந்தது நம் வெயிலைத் தாங்கும் என்பது கேட்பதற்கு இனிமையாய்த்தான் இருக்கின்றது. நாய்க்கு மனிதனைப் போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்ளுகின்றது. இரைப்பதற்கே வழி அடைபட்டிருக்கும் பிராணி லண்டனில் பிறந்தால் என்ன, கோயமுத்தூரில் பிறந்தால் என்ன? மூச்சுக்குழல் பிறந்த ஊரைக் கேட்டுக்கொண்டா விரியும்? சித்திரை வெயிலில் மத்தியானம் ஒரு மணி நேரம் முற்றத்தில் கட்டிவிட்டால் இரண்டுக்கும் ஒரே கதிதான்.

உள்ளூர்க் குட்டிக்கு உண்மையான சௌகரியம் ஒன்றே ஒன்று உண்டு. வாங்குகிறவன் நேரில் போய்த் தாயைப் பார்க்கலாம். அது எங்கே கிடக்கின்றது, எப்படி மூச்சு விடுகின்றது, எத்தனை முறை வயிறு கிழிக்கப்பட்டது என்று விசாரிக்கலாம். 2017ல் இந்திய அரசாங்கம் செய்த விதிகளின்படி, நாய் இனவிருத்தி செய்கின்றவன் மாகாணப் பிராணி நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இந்தப் பதிவைக் காட்டு என்று கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கின்றது? கேட்காவிட்டால் அந்தச் சௌகரியமும் வீண்தான்.

நமது ஜனங்கள் இப்படிப்பட்ட நாய்களை "ஜாதி நாய்" என்று அழைப்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயரே விஷயத்தை விளக்கிவிடுகின்றது. கலப்பு வந்துவிடக் கூடாது, வம்சம் சுத்தமாய் இருக்க வேண்டும், பாட்டன் முப்பாட்டன் பெயர் காகிதத்தில் இருக்க வேண்டும் என்று வேலி கட்டிக் கட்டி வளர்த்ததன் முடிவு, மூச்சு விட முடியாத ஒரு ஜீவன். பெயர் தெரியாத தெருநாயோ மூச்சுத் திணறாமல் ஓடுகின்றது, வைத்தியன் கத்தியில்லாமல் ஈனுகின்றது. பிறப்பின் சுத்தத்தைப் பெருமையாகப் பேசுகின்றவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு நமக்குப் பதில் சொல்லட்டும்.

அப்படியானால் எதை வைத்துத்தான் மதிப்பிடுவது என்று கேட்டால், அதற்கும் வழி உண்டு. இங்கிலாந்தில் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையும் சேர்ந்து 2019ல் ஒரு பரீட்சை ஏற்படுத்தினார்கள். நாயின் மூச்சைக் குழல் வைத்துக் கேட்டு, 3 நிமிஷம் ஓடவிட்டு, மறுபடியும் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுகின்றார்கள். 0 என்றால் குறையில்லை, 3 என்றால் கடுமையான குறை. ஒருவன் தருவித்த நாயின் தாய் தகப்பன் இரண்டும் 0 வாங்கியிருந்தால் அந்தக் குட்டியை மேலென்று தாராளமாய்ச் சொல்லலாம். ஆனால் அதை உயர்த்தியது அந்த மூச்சேயொழிய, அது தாண்டி வந்த சமுத்திரமல்ல. உள்ளூர் நாய் அதே பரீட்சையில் தேறினால் அதற்கும் அதே மரியாதைதான்.

ஆகவே, குட்டி வாங்க ஆசைப்படும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எந்த ஊர்ச் சரக்கு என்று முதலில் கேட்காதீர்கள். தாயையும் தகப்பனையும் நாலு தெரு நடக்கவிட்டு, அதன் மூச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். மூக்குத் துவாரம் திறந்திருக்கின்றதா, தாய் தானாய் ஈன்றதா என்று பாருங்கள். இவற்றைக் காட்ட மறுக்கின்றவன் எவ்வளவு பெரிய சீமைக் காகிதத்தை நீட்டினாலும் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். வாங்குகிறவர்கள் இவ்வளவு செய்தால், விற்கின்றவன் தானாகவே மூக்குள்ள நாயை வளர்க்க ஆரம்பித்துவிடுவான்.