காலுக்கு ரெஸ்ட் ஓகே... கண்ணுக்கு?

'மைலேஜ் எவ்வளவு தரும்?'னு கேட்டு பைக் வாங்கின காலம் போய், 'க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கா?'னு கேட்கிற காலம் வந்தாச்சு. 2025-ல் வந்த ஹீரோ க்ளாமர் எக்ஸ் 125-ல கூட அது இருக்கு. காஸ்ட்லி கார் சமாச்சாரம், காலேஜ் பைக் ஸ்டாண்டு வரைக்கும் வந்துடுச்சு. அதனால இந்த வாரம் அதைப் பத்தித்தான்.

இதைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் டீட்டர், அமெரிக்க இன்ஜினீயர். அஞ்சு வயசுல ஒரு விபத்துல பார்வையை இழந்தவர். அவரோட வக்கீல் பேசிக்கிட்டே கார் ஓட்டும்போது வேகம் ஏறி இறங்கி, பக்கத்து சீட்டுல இருந்தவரைக் குலுக்கி எடுத்ததுதான் இந்த ஐடியாவுக்குக் காரணம்னு சொல்வாங்க. 1950-ல் பேட்டன்ட் கிடைச்சது. 1958 மாடல் க்ரைஸ்லர் இம்பீரியல்ல காருக்குள்ளேயே வந்துடுச்சு.

மேட்டர் சிம்பிள். நீங்க 80-ல செட் பண்றீங்க. சென்சார் நிஜ வேகத்தைப் பார்க்குது. மேடு ஏறி 77 ஆச்சுன்னா, கம்ப்யூட்டர் த்ராட்டிலைத் திறக்குது. 82 ஆச்சுன்னா மூடுது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நாம படிக்கிற அதே ஃபீட்பேக் லூப்தான்!

லாபம் நிறைய. நமக்கே தெரியாம 80, 100 ஆகாது. கால் வலிக்காது. தேவையில்லாம முறுக்கிக் குறைக்கிறது இல்லாததால, சமதளமான ரோட்டுல பெட்ரோலும் மிச்சம். வேகம் குறைஞ்சா விபத்தோட அடியும் குறையும். ஏன்னா, வேகம் ரெண்டு மடங்கானா மோதுற சக்தி நாலு மடங்கு!

சரி, சிக்கல் எங்கே? சாதா க்ரூஸ் கன்ட்ரோலுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு நம்பர்தான். முன்னாடி நிக்கிற லாரி, ராங் சைடுல வர்ற டூவீலர், குறுக்கே போற மாடு... எதுவும் அதுக்குத் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போறோம். ஒரு கிரிக்கெட் பிட்ச்சே 20 மீட்டர்தான்! ஹாயா மடக்கி வெச்ச காலை பிரேக்குக்குக் கொண்டுவர அரை செகண்ட் கூடுதலா ஆனாலும், 11 மீட்டர் காலி.

ரேடார் வெச்ச அடாப்டிவ் டைப் முன்னால போற வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். ஆனா, அசையாம நிக்கிற வண்டியை அது கண்டுக்காமப் போகலாம்னு பல கார்களோட மேனுவல்லயே எச்சரிக்கை இருக்கு. படிச்சிருக்கீங்களா பாஸ்?

பெரிய வில்லன் தூக்கம். நேரான ரோடு, ஒரே வேகம், காலுக்கு வேலையில்லைன்னா மூளையும் மெதுவா லீவு போட்டுடும். சாதாரணமா ஓட்டும்போது கண் அசந்தா, காலோட அழுத்தம் தளர்ந்து வண்டி ஸ்லோ ஆக ஒரு சான்ஸாவது இருக்கு. க்ரூஸ்ல அதுவும் கிடையாது. தூங்குற உங்களை அதே 80-ல கூட்டிட்டுப் போகும். டூர் முடிச்சு விடிகாலை மூணு மணிக்கு ஊர் திரும்புற கேங்குக்கு இதை அழுத்தியே சொல்றேன். அந்த நேரத்துல அமுக்க வேண்டியது க்ரூஸ் பட்டன் இல்லை, பிரேக். ஓரமா நிறுத்துங்க. தூங்குங்க. இல்லைன்னா ஆள் மாத்துங்க.

மழையிலயும் வேண்டாம். தண்ணி மேல டயர் மிதக்க ஆரம்பிச்சா, உடனே வேகத்தை விட வேண்டியது நாமதான். மெஷின் 80-ஐப் பிடிச்சு வைக்கத்தான் பார்க்கும். ஊருக்குள்ள, மலைப்பாதையில, டிராஃபிக்ல... அங்கேயும் நோ!

காலியான, காய்ஞ்ச, நேரான ஹைவே. பகல் நேரம். தெளிவான தலை. இத்தனையும் இருந்தா தாராளமா செட் பண்ணுங்க. பிரேக்கைத் தொட்டா கட் ஆகுதான்னு முதல்லயே செக் பண்ணிடுங்க. கால் பிரேக் பக்கத்துலயே இருக்கட்டும். மிச்சமாகிற கவனத்தை செல்போனுக்குக் கொடுக்காம, ரோட்டுக்குக் கொடுங்க.

வேகத்தை மெஷின் பார்த்துக்கும். வீட்டுல சாப்பாட்டை மூடி வெச்சுக் காத்திருக்கிற அம்மாவை நீங்கதான் பார்த்துக்கணும். ஓகேவா? அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!