பழமையும் பழக்கமும்

ஆங்கிலத்தில் ‘இன்வெற்றரிற்’ என்றொரு பெயரடை உண்டு. நெடுங்காலம் ஊறி, எளிதிற் களையவொண்ணாதபடி வேர்கொண்ட பழக்கத்தை அது சுட்டும். பழையது எனப் பொருள்படும் இலத்தீன் அடியினின்றும் பிறந்தது அச்சொல். துறைபோகிய மூத்தோரைக் குறிக்கும் ‘வெற்றரன்’ என்பதும் அவ்வடியினதே. உடன்பிறந்த சொற்களாயினும் ஒன்று புகழ்ச்சிக்கும் மற்றது பெரும்பாலும் இகழ்ச்சிக்கும் உரியவாயின. பொய்யனுக்கும் சூதாடிக்கும் நாட்பட்ட நோய்க்கும் முன்னதே அடையாக வரும்.

எம்மொழியிலும் பழமை, பழக்கம் என்பன ‘பழ’ என்னும் ஓரடியிற் பிறந்தனவே. ஆயினும் பழக்கம் என்னுஞ் சொல் நன்று தீதென்று தீர்ப்புக் கூறுவதில்லை. அப்பொறுப்பை எம்மிடமே விட்டுவிடுகின்றது. கல்லூரியின் ஆண்டுகளை எண்ணி மகிழும் இவ்விழாக் காலத்தில், பழமை ஒன்றே பெருமையாகாது என்பதை நாம் நினைத்தல் தகும்.

இதற்குப் பகிடிவதையே தக்க சான்று. எமது கல்லூரிகளிலிருந்து பல்கலைக்கழகம் புகும் இளைஞர் பலரை முதலில் எதிர்கொள்வது அறிவன்று, அச்சமே. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவரொருவர் இக்கொடுமைக்கு உள்ளாகி உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. இரண்டாண்டு வரையும், கொடுங்காயமோ பாலியற் துன்புறுத்தலோ நேரின் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது. சட்டம் வந்தும் வழக்கம் ஒழிந்திலது.

காரணம் யாது? இன்று வதைபட்டவன் அடுத்த ஆண்டில் அவ்வழக்கத்தின் காவலனாகின்றான். “நாமும் பட்டோம், அவரும் படட்டும்” என்பதே அவன் கூறும் நியாயம். ஏற்றத்தாழ்வை நீக்கி நட்பை வளர்க்கின்றது என்பாரும் உளர். முழந்தாளிட்டவனுக்கும் இடுவித்தவனுக்கும் இடையே நீங்கிய ஏற்றத்தாழ்வு யாது? உதவியாற் பிறப்பது நட்பு. அச்சத்தாற் பிறப்பது பணிவு மாத்திரமே.

இவ்வழக்கத்தின் வித்து பல்கலைக்கழக வாயிலில் மாத்திரம் ஊன்றப்படுவதன்று. ஒன்றுகூடல்களிலே, தாம் பட்டதையும் படுத்தியதையும் வீரக்கதைகளாக எடுத்துரைத்து நகைக்கும் பழைய மாணவரும் அதனை ஊன்றுகின்றனர். அருகிருந்து கேட்கும் இளைஞன், அதுவே ஆண்மையென்று கொள்கின்றான். அக்கதைகளைப் பெருமையாகப் பேசுவதை முதலில் நாம் கைவிடல் வேண்டும்.

ஒரு வழக்கத்தை ஒழிப்பதற்கு அதனிடத்தில் இன்னொன்றை நிறுவுதல் வேண்டும். புதிதாய் வரும் மாணவனுக்கு உறைவிடம் தேடிக் கொடுத்தலும், பாடக்குறிப்பும் நூலும் உதவுதலும், மொழி விளங்காதவிடத்து விளக்கி உரைத்தலும் மூத்தோர் கடனாகுக. இவையும் ஆண்டுதோறும் தொடரின் பழக்கமாகும்; பழகப் பழக வேரூன்றும். அடுத்த விழாவிற் கூடுவோர் எம்மைப் பற்றிப் பெருமையோடு சொல்லத்தக்க பழமை அதுவாகும்.