ஒருத்தருக்கு இரண்டு ஆள் டென்ட்

“தனியாத்தானே போறீங்க சார், ஒரு ஆள் டென்ட் போதும்” என்றான் கடைப் பையன். எடை ஒன்றரைக் கிலோதான் என்றதில் மயங்கி வாங்கிவிட்டேன். மணாலி-லே பாதையில், சர்ச்சுவில் அதை விரித்த இரவுதான் புத்தி வந்தது. 4,200 மீட்டருக்கு மேல் உயரம், தரையெல்லாம் சரளை. முளை இறங்கவே இல்லை. அதுவோ முளையில் இழுத்துக் கட்டினால்தான் நிற்கும் ரகம்! ஒரு பக்கம் புல்லட் சக்கரத்திலும் மறுபக்கம் பாறாங்கல்லிலும் கயிற்றைக் கட்டி ஒப்பேற்றினேன். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வெளியே குளிரில். உள்ளே நிமிர்ந்து உட்கார உயரமில்லை. படுத்தபடியே பேன்ட் மாட்ட 66 வயது இடுப்பு சம்மதிக்குமா? ராத்திரி மூன்று முறை எழுந்து போக வேண்டிய வயது வேறு.

தனி ஆளுக்கும் இரண்டு ஆள் டென்ட்தான் என்பது இப்போது என் கட்சி. கம்பியை மாட்டியதும் முளையில்லாமல் தானே நிற்க வேண்டும். காற்றுக்கு மூலைகளில் கல் வைத்துக்கொள்ளலாம். துணி இரண்டு அடுக்காக இருக்கட்டும். ஒற்றை அடுக்கென்றால் நம் மூச்சுக்காற்றே விடியற்காலையில் தலையில் சொட்டும். கூடுதலாக ஒரு கிலோ ஆனால் என்ன, சுமப்பது வண்டிதானே? மடித்த நீளத்தை மட்டும் பாருங்கள், சீட்டுக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கடையிலேயே விரிக்கச் சொல்லி, உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பையன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.