மணியைத் திருத்தாதீர்கள், வலயத்தைப் பாருங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டு மேசைக் கணினியின் கடிகாரம் ஒருநாள் காலையில் தவறான நேரத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? திரையின் வலது மூலையைச் சொடுக்கி, மணியைச் சரியாக மாற்றிவிட்டு உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். மறுநாள் பார்த்தால் மீண்டும் தவறு. மீண்டும் மாற்றுவீர்கள். மூன்றாம் நாள் அப்பாவிடம் சொன்னால், "பேட்டரி போயிருக்கும், மாத்தணும்" என்பார். பக்கத்து வீட்டு அண்ணன், "எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா போடு" என்பார்.

இந்த மூன்று வைத்தியமும் எனக்குப் பிடிக்காது. அதிலும் முதலாவது, அதாவது மணியைக் கையால் மாற்றுவது, சுத்தமாகப் பிடிக்காது. அந்த வைத்தியத்தால்தான் நான் ஒரு மாணவனுக்கு அநியாயம் செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு செய்முறை அறிக்கை எழுதும் வேலை கொடுத்திருந்தேன். பாட நேரம் 10.50 முதல் 12.10 வரை. முடித்ததும் கோப்பை வகுப்பின் பொதுக் கோப்புறையில் போட்டுவிட வேண்டும். மறுநாள் கோப்புகளை என் மடிக்கணினிக்கு எடுத்துப் பார்த்தேன். எல்லோருடைய கோப்பும் 11.40க்கும் 12.10க்கும் இடையில் கடைசியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. ஒருவனுடையது மட்டும் 12.55 என்று காட்டியது. அதாவது வகுப்பு முடிந்து முக்கால் மணி நேரம் கழித்து. அவனுடைய அட்டவணையும் பக்கத்து இருக்கை மாணவியின் அட்டவணையும் ஒன்றுபோல் இருந்தன. அவர்கள் ஒரே குழுவில் அளவெடுத்தவர்கள், ஒன்றுபோல்தான் இருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. மற்றவர்களின் கோப்பைத் திறந்து பார்த்துப் பிறகு எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வகுப்பின் முன்னால் நிற்க வைத்துச் சொன்னேன். பூஜ்யம் போட்டேன். "இல்ல டீச்சர், நான் வகுப்புலதான் முடிச்சேன்" என்றான். கணினி பொய் சொல்லாது என்றேன். அறிவியல் ஆசிரியை சொல்லக்கூடாத வாக்கியம் அது.

அடுத்த வாரம் அதே அறைக்குப் போனபோதுதான் சுவர்க் கடிகாரத்தையும் கணினித் திரைகளையும் சேர்த்துப் பார்த்தேன். சுவரில் 11.05. கணினிகளில் 10.05. எல்லாக் கணினியும் சரியாக ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. ஏழாம் எண் கணினி மட்டும் 11.05 காட்டியது. அதில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். "நான்தான் டீச்சர் ஒவ்வொரு தடவையும் சரி பண்ணுவேன். அடுத்த தடவை வந்தா பழையபடி ஆயிடுது" என்றான்.

இங்கே கொஞ்சம் நின்று, கணினிக்குள் நேரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். இது தெரியாமல் மேலே போக முடியாது.

நாம் ஒரே கடிகாரம் என்று நினைப்பது உண்மையில் மூன்று அடுக்குகள். அடியில் இருப்பது தாய்ப்பலகையில் உள்ள சிறு கடிகாரம். கணினியை அணைத்தாலும் அது ஓடும். அதற்கு மின்சாரம் தருவது 'சிஆர்2032' என்ற 3 வோல்ட் பொத்தான் மின்கலம். உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது ஏன் இப்படி ஒரு விநோதமான எண்? 2ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள். அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். மின்சுற்றுக்கு மிகவும் வசதியான கணக்கு.

நடுவில் இருப்பது இயங்குதளம் வைத்திருக்கும் நேரம். அது உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில், எண்ணிக்கொண்டே போகும். அடியிலுள்ள சிறு கடிகாரம் மாதத்தில் பல விநாடிகள் தவறக்கூடியது. அதனால் இயங்குதளம் அவ்வப்போது இணையத்தில் உள்ள நேரச் சேவையகத்திடம் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 1985ஆம் ஆண்டு டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கிய 'என்டிபி' என்ற முறைதான் இதற்கு அடிப்படை. அந்தச் சேவையகம் தருவதும் யுடிசி மட்டுமே. நீங்கள் ஈப்போவில் இருக்கிறீர்களா, லண்டனில் இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது, கவலையும் இல்லை.

மேலே இருப்பதுதான் நேர வலயம். இது வெறும் ஒரு விதி. "யுடிசியுடன் 8 மணி நேரம் கூட்டித் திரையில் காட்டு" என்பது மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்குமான விதி. கணினி எதையும் எண்ணி இந்த எட்டைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது மனிதர்கள் எடுத்த முடிவு. நம் தீபகற்பத்தில் 1981 டிசம்பர் 31 வரை அது ஏழரை. அன்றிரவு 11.30க்குக் கடிகாரத்தை நேராக 12க்குத் தள்ளி, ஏற்கெனவே எட்டில் இருந்த சபா, சரவாக்குடன் ஒன்றாகச் சேர்ந்தோம். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதற்கும் முன்னால் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது. இன்றைக்கும் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி 12 ஆக இருக்காது, ஏறக்குறைய 1.15 ஆகிவிடும். (உங்கள் பாட்டிக்கோ அப்பாவுக்கோ யாராவது கணினியில் ஜாதகம் கணித்தால், 1982க்கு முன் பிறந்தவர்களுக்கு ஏழரை போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் வீட்டு விஷயம். கணக்காவது சரியாக இருக்கட்டும்.)

இப்போது பேட்டரி வைத்தியத்தைப் பாருங்கள். நேர வலயம் அந்தப் பொத்தான் மின்கலத்தின் காவலில் இல்லை. அது இயங்குதளத்தின் அமைப்புகளில், வன்தட்டில் எழுதப்பட்டிருக்கிறது. மின்கலம் செத்தால் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாமே பழைய ஏதோ ஒரு தேதிக்குப் போய்விடும். உலாவியில் பல தளங்கள் திறக்கவே மறுக்கும், அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது என்பதால். வலயம் மாறினால் அப்படி ஆகாது. பெரும்பாலும் நிமிடமும் விநாடியும் அச்சுப் பிசகாமல் சரியாக இருக்கும். மணி மட்டும் முழுதாக ஒரு தொகை நகர்ந்திருக்கும்.

ஆகவே முதலில் நிமிடத்தைப் பாருங்கள். கைபேசியை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தமிழ்ப்பள்ளியில் உற்றறிதல் என்று படித்தீர்களே, அதைச் செய்யும் இடம் இதுதான். வித்தியாசம் எவ்வளவு என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். சரியாக 1 மணி நேரம் பின்னால் என்றால் பேங்காக், ஜகார்த்தா வலயமாக இருக்கலாம். இரண்டரை மணி நேரம் பின்னால் என்றால் இந்தியா. 16 மணி நேரம் பின்னால், கோடைக்காலத்தில் 15 என்றால், அமெரிக்காவின் மேற்குக் கரை. விண்டோஸை நிறுவும்போது யாரும் வலயத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். சரியாக 8 மணி நேரம் என்றால், அந்தக் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கின்றனவா என்று கேளுங்கள். தாய்ப்பலகைக் கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். ஒன்று எழுதி வைத்ததை மற்றொன்று தவறாகப் படிக்கும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றிவிட்டால் சண்டை தீர்ந்தது.

அடுத்த கேள்வி, எப்போது பழையபடி ஆகிறது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. வலயத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றிவிட்டு, இணையக் கம்பியைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டுக் கணினியை அணைத்துத் திறங்கள். அப்போது சரியாக இருந்து, இணையம் வந்தவுடன் மாறினால், கணினி உங்கள் இருப்பிடத்தை யாரிடமோ கேட்டு ஏமாறுகிறது என்று பொருள். மேசைக் கணினியில் பொதுவாக ஜிபிஎஸ் கிடையாது. சுற்றியுள்ள வைஃபை, இணைய முகவரி போன்றவற்றை வைத்துத்தான் இடத்தை ஊகிக்கும். அண்ணன் விளையாட்டுக்காக விபிஎன் போட்டு வேறு நாட்டு வழியாக வந்தால் கணினியும் அந்த நாட்டுக்குக் குடிபோய்விடும். அமைப்புகளில் 'செட் டைம் ஸோன் ஆட்டோமேட்டிக்கலி' என்ற பொத்தானை அணைத்துவிட்டு, வலயத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்திலேயே நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கும். அதை அணைக்காதீர்கள், அது வேறு வேலை செய்கிறது. இணையம் இல்லாமலேயே மாறினால் கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று பழைய அமைப்பைத் திரும்ப எழுதுகிறது.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கம்பியைக் கழற்றி, விபிஎன்னை நீக்கி, பேட்டரியையும் மாற்றி எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்தால் கடிகாரம் சரியாகலாம். ஏன் சரியானது என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. தற்சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால் விடை முன்பே தெரிந்த செய்முறையில் அந்தச் சொற்களுக்கு வேலையே இல்லை. பள்ளி அறிவியல் கூடத்தில் நாம் செய்வதில் பெரும்பகுதி அப்படித்தான், என் வகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கெட்டுப்போன ஒரு கடிகாரத்தை மாணவர்கள் கையில் கொடுத்து ஒரு வாரம் விட்டால் அதைவிட அதிகம் கற்றுக்கொள்வார்கள் என்பது என் கருத்து.

ஏழாம் எண் கணினிக்கு வருவோம். அறையில் எந்தக் கணினியைத் திறந்து பார்த்தாலும் வலயம் 'பேங்காக், ஹனோய், ஜகார்த்தா' என்றிருந்தது. மாணவர்கள் எதையாவது கெடுத்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு முறை அணைத்துத் திறக்கும்போதும் எல்லாவற்றையும் முதல் நிலைக்குத் திருப்பும் ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார்கள். அந்த முதல் நிலையிலேயே வலயம் தவறு. யாரோ பட்டியலில் சில வரிகள் மேலே சொடுக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் பேங்காக்குக்குப் போய்விடும்.

மற்ற கணினிகளில் திரையில் மணி தவறு. ஆனால் உள்ளே யுடிசி சரி. அதனால் அவற்றில் சேமித்த கோப்புகளை என் மடிக்கணினியில் திறந்தபோது சரியான நேரம் வந்தது. அவன் என்ன செய்தான்? தானியங்கிப் பொத்தானை அணைத்துவிட்டு மணியை ஒன்று கூட்டினான். வலயம் பேங்காக்காகவே இருந்தது. திரை சரியானது, ஆனால் உள்ளே யுடிசி ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. 11.55க்குச் சேமித்த கோப்பு என் கணினியில் 12.55 ஆனது. ஆவணக் கோப்பினுள் பதிவது யுடிசிதான், திரையில் தெரிந்த மணி பதிவதில்லை.

இதை நான் ஊகமாக விட்டுவிடவில்லை. ஏழாம் கணினியில் அவன் செய்தபடியே மணியை மாற்றி ஒரு வெற்றுக் கோப்பையும், அதே நிமிடத்தில் எட்டாம் கணினியில் இன்னொன்றையும் சேமித்து, இரண்டையும் என் மடிக்கணினியில் திறந்தேன். சரியாக ஒரு மணி நேர வித்தியாசம். தவறான கடிகாரத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்த முப்பது பேரும் தப்பித்தார்கள். சரிசெய்ய நினைத்தவன் மாட்டிக்கொண்டான்.

அடுத்த வகுப்பில் அவனை நிற்க வைத்த அதே இடத்தில் நான் நின்று மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணையும் கொடுத்தேன். "பரவால்ல டீச்சர்" என்றான். அந்த வாரம் முழுக்க அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு கேட்க ஆரம்பித்தான்.

தொழில்நுட்பப் பொறுப்பாளர் பூட்டைத் திறந்து முதல் நிலையிலேயே வலயத்தைக் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மாற்றிவிட்டு மறுபடி பூட்டினார். பத்து நிமிட வேலை. அதன் பின் பல மாதங்களுக்கு அந்த அறையில் நேரச் சிக்கல் வரவில்லை.

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பியபோது பதினான்காம் எண் கணினி இணையத் தளங்களைத் திறக்க மறுத்தது. நான் போவதற்குள் இரண்டு பேர் கைபேசியைத் திரையின் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், இதுல நிமிஷமே தப்பு. வருஷமும் தப்பு" என்றாள் ஒருத்தி. ஏழாம் கணினிக்காரன் ஏற்கெனவே பொறுப்பாளரிடம் போயிருந்தான், ஒரு சிஆர்2032 கேட்டு.