ஏறினால் போதுமா?

பழைய மகிந்திரா ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேர் போடியிலோ கம்பத்திலோ டீக்கடையில் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே 'லாக்கர்' பக்கம் திரும்பிவிடும். டிஃபரன்ஷியலுக்கு எந்த லாக்கர் போடலாம் என்பது கேள்வி. கேட்பவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காடு மேடு சுற்றுகிறவர். இன்னொருவர் தினமும் விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பும் நிபுணர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். இரண்டும் தனித்தனி வேகத்தில் சுற்ற வழி செய்வதுதான் டிஃபரன்ஷியல். இதில் ஒரு கோளாறு உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால், அதைச் சுற்ற எவ்வளவு விசை போதுமோ அதே அளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். வண்டி அசையாது. ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் ஏறிவிடும். அதுதான் லாக்கர்.

இதில் பல ரகம். தானே பூட்டித் தானே விடுவிக்கிற ஆட்டோமேட்டிக் லாக்கர் ஒன்று. வளைவில் திடீரென்று பிடித்து ஸ்டீயரிங்கை இழுக்கும். டிரைவர் சுவிட்சைத் தட்டினால் காற்றழுத்தத்தில் பூட்டுகிற ஏர் லாக்கர் இன்னொன்று. வேண்டும்போது மட்டும் பூட்டும், விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி. மூன்றாவது, 2015-ல் தார் சி.ஆர்.டி.இ.யில் கம்பெனியே பின் ஆக்ஸிலுக்குக் கொடுத்த ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றினால் பூட்டிக்கொள்ளும். சுமார் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. அந்த ஆக்ஸிலைப் பழைய ஜீப்பில் ஏற்ற நினைக்கிறவர்கள் முன்னும் பின்னும் கிரவுன்-பினியன் ரேஷியோ ஒன்றுதானா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் கியர்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டு உடையும்.

இதெல்லாம் எதுக்குண்ணே, உள்ளே இருக்கிற ஸ்டார் பல்சக்கரத்தில் வெல்டிங் வெச்சிட்டா ஒரே நாள்ல லாக்கர் ரெடி என்று யோசனை சொல்கிறவர்களும் எந்த ஊரிலும் இருப்பார்கள். அதைச் செய்தால் டிஃபரன்ஷியல் செத்தது. ஒவ்வொரு வளைவிலும் டயர் அறுபடும், ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸிலாக இருந்தால் ஷாஃப்ட் உடையும்போது சக்கரமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பக்கத்தில் பள்ளத்தாக்கு இருக்கும்போது இப்படி ஒரு சிக்கனம் தேவையா?

நல்ல லாக்கரே என்றாலும் இன்னொன்றை மறைக்கக் கூடாது. சரிவான ஈரப் பாதையில் ஒரு சக்கரம் சுற்றும்போது இன்னொரு சக்கரம் நின்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். வண்டியின் பின்பக்கம் மெல்ல பள்ளத்தை நோக்கி நகரும். தனியாக ஓட்டுகிறவர் அந்த ரிஸ்க்கைத் தன் தலைமேல் மட்டும் எடுத்துக்கொள்கிறார். பின்னால் பெண்களை நெருக்கி அடைத்துக்கொண்டு போகிற வண்டிக்கு அந்த உரிமை கிடையாது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மலைக்குத் தினமும் கூலி வேலைக்குப் போகிறார்கள். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கூலி போச்சு. அதனால் டிரைவர் லாக்கர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துப் பாதைச் சேற்றில் ஜீப் மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ளுவதும் அந்தப் பெண்கள்தானே.

ஆனால் காலையில் ஏறிய வண்டி சாயங்காலம் இறங்கியாக வேண்டும். பகலெல்லாம் குனிந்து காய் எடுத்த அலுப்பில் தூங்கி வழிகிறவர்களோடு இறங்க வேண்டும். அப்போது லாக்கர் காப்பாற்றாது. பிரேக் டிரம்மும், லைனிங்கும், மொட்டையாகாத டயரும், அடங்கிய கியரும்தான் காப்பாற்றும். சீட்டுக்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு ஆளும் அந்த பிரேக்குக்குக் கூடுதல் சுமை. ஏற்றத்துக்குப் பணம் செலவழிக்கிறவர்கள் இறக்கத்துக்குச் செலவழிக்கத் தயங்குவது ஏன்? ஏறாவிட்டால் அன்றைக்கே நஷ்டம் தெரிகிறது. இறக்கத்தில் போகிற உயிர் யார் கணக்கிலும் வருவதில்லை.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. அதே சட்டத்தில் ஆள் கணக்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

எனவே என் பதில் இது. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவரா? பின் ஆக்ஸிலுக்கு, வேண்டும்போது மட்டும் பூட்டுகிற லாக்கர் போடுங்கள். காரியம் முடிந்ததும் விடுவித்துவிடுங்கள். ஆள் ஏற்றுகிறவரா? முதலில் பிரேக், அப்புறம் டயர், அப்புறம் ஆள் எண்ணிக்கை. இவை மூன்றும் சரியான பிறகு லாக்கரைப் பற்றிப் பேசலாம். அந்தச் செலவை டிரைவர் தலையில் மட்டும் கட்டாமல் தோட்ட முதலாளியும் பங்கு போட வேண்டும். பாதை அவருடையது, சேறும் அவருடையது.

போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் காயின் நிறம் பார்க்கிறார்கள், பருமன் பார்க்கிறார்கள். அதைப் பறித்தவர் அன்று பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்க ஒரு ஏல மையமும் இல்லை.