சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டரி

ஊவாவின் தோட்டங்களுக்குக் கடைவீதி வேனில்தான் வருகிறது. சம்பள நாளன்று பின்னேரம் மடுல்சீமையிலோ நமுனுகுலவிலோ லயத்து முற்றத்தில் போய் நின்றால் தெரியும். துணி வேன், மரக்கறி வேன், ஐஸ் பெட்டியோடு மீன் வேன், பாட்டுப் போட்டுக்கொண்டே மேட்டில் ஏறி வரும் பாண் ஓட்டோ. இருட்டிய பிறகும் பல்ப் எரிய வேண்டும், தராசு வேலை செய்ய வேண்டும், ஸ்பீக்கர் கூப்பிட வேண்டும். இதற்கெல்லாம் வேனின் சொந்த பெட்டரியையே நம்பினால் கடைசியில் வேன் ஸ்டார்ட் எடுக்காது. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான். அதனால் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு பெட்டரி வைத்துக்கொள்கிறார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குச் சவுண்ட் செட் கொண்டு போகிறவரும், இரும்பு வேலைக்குப் போகிற பாஸும் வைத்திருப்பது இதையேதான்.

அண்மைய வருடங்கள் இந்தத் தேவையைக் கூட்டியிருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது. அதே வருடம் நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண் சரிந்து, பாதை உடைந்து, மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே அறுந்துபோயின. அப்படிப்பட்ட இரவில் ஒரு வேனில் நிறைந்த பெட்டரி இருந்தால் அது ஒரு லயத்துக்கே உதவும். ஆகவே அந்த பெட்டரியை வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு நியாயமில்லை. வயரைச் சரியாக இழுக்காமல் விடுவதற்கும் நியாயமில்லை.

கராஜில் வழக்கமாக நடப்பது இதுதான். பெட்டரியை வாங்கியதிலேயே கையிலிருந்த காசு முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் வீட்டு வயரை எடுத்து, இரண்டு பெட்டரியின் பொசிட்டிவையும் நேராகக் கோர்த்துவிடுகிறார்கள். யாராவது கேட்டால், “பியூஸ் என்னத்துக்குண்ணே, பன்னிரண்டு வோல்ட்டுதானே” என்று பதில் வரும். பன்னிரண்டு வோல்ட் ஷொக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் வோல்ட் குறைந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது பெரிய தப்பெண்ணம். ஷொக் அடிக்காத கரண்ட் நெருப்பு வைக்கும்.

சாதாரண வீட்டுக்குக் கிடைக்கும் மின் இணைப்பே 30 அம்பியர்தான். ஆனால் 100 அம்பியர்-மணி அளவுள்ள ஓர் ஈய அமில பெட்டரியின் இரண்டு முனையும் நேரடியாக முட்டிக்கொண்டால் பாயும் கரண்ட் ஆயிரம் அம்பியரைத் தாண்டும். மோதிரம் போட்ட கையால் ஸ்பனரைத் திருப்பும்போது அந்த ஸ்பனரும் மோதிரமும் பொசிட்டிவுக்கும் வேன் தகரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் போதும், மோதிரம் சிவந்து விரலைச் சுட்டுவிடும். இது தெரிந்த பாஸ்மார் முதலில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகுதான் மற்றதில் கை வைப்பார்கள். வீட்டில் பிளக் பொயின்டுக்கு இழுக்கும் இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் தாங்குவது ஏறத்தாழ 20 அம்பியர். அதில் சில நூறு அம்பியர் பாய்ந்தால் சில விநாடிகளிலேயே உறை உருகி எரியத் தொடங்கும். அந்த வயரை ஒட்டி இருப்பதோ சீட் பஞ்சும், துணி மூட்டையும், கார்ட்போர்ட் பெட்டியும்.

நமது பாதைகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. வயரை முன்னாலிருந்து பின்னுக்குக் கொண்டுவரத் தகரத்தில் ஓட்டை போடுவார்கள். துளைத்த தகரத்தின் விளிம்பு பிளேடுபோல இருக்கும். அந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் போடாமல் வயரைச் செருகிவிட்டால், பசறையிலிருந்து மேலே தோட்டப் பாதையில் ஏறும் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த விளிம்பு வயரின் உறையை அரம்போல அறுத்துக்கொண்டே இருக்கும். வேனின் உடம்பு முழுவதும் நெகட்டிவ். உறை தேய்ந்து செம்பு தகரத்தைத் தொட்டால் அதுதான் ஷோட். அது கராஜில் நிற்கும்போது நடக்காது. மாதக்கணக்கில் ஓடி, பூட்டியவரும் மறந்துபோன பிறகு, ஏதோவொரு வளைவில் நடக்கும்.

கராஜில் இன்னொரு வாதமும் கேட்கும். செல்ப் மோட்டருக்குப் போகும் தடித்த வயருக்குக் கம்பனிக்காரனே பியூஸ் போடவில்லை, நாம் ஏன் போட வேண்டும் என்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பல வேன்களில் கம்பனி இழுத்த அந்த வயர் குட்டை. அதற்கென்று உறை உண்டு, கிளிப் உண்டு, எதிலும் உரசாத வழி உண்டு. நாம் இழுப்பதோ இரண்டு மூன்று மீட்டர் நீளம், கால் மிதிக்கும் இடத்துக்கும் ஜெக் வைக்கும் இடத்துக்கும் ஊடாக. அதோடு செல்ப் வயரில் பெட்டரி ஒரு பக்கம்தான். இங்கே வயரின் இரண்டு முனையிலும் பெட்டரி இருப்பதால், நடுவில் ஷோட் ஆனால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பியூஸ் பாதிக் காவல்தான். இரண்டு முனையிலும், பெட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள், ஒவ்வொரு பியூஸ் இருக்க வேண்டும். பெட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள வயரை எந்த பியூஸும் காக்காது என்பதால்தான் அந்தத் தூரம் முக்கியம்.

அந்த பியூஸ் வயருக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். 1000 வொட் இன்வேர்ட்டர் ஒன்று முழுச் சுமையில் வேலை செய்தால் பன்னிரண்டு வோல்ட் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 90 முதல் 100 அம்பியர் வரை இழுக்கும். அதற்கு 25 சதுர மில்லிமீட்டர் வயரும் 125 அம்பியர் பியூஸும் பொருந்தும். வயர் மெலிந்ததென்றால் பியூஸும் சிறியதாக வேண்டும், இழுக்கும் சுமையும் குறைய வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதை மாட்டுவதும், சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுவதும், செம்புக் கம்பியைக் கட்டுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஹபுத்தளை வளைவில் இறங்குகிற வேலை. பியூஸ் போகிறதென்றால் வேனில் எங்கோ கோளாறு இருக்கிறது. அந்த இடத்தைத் தேட வேண்டும்.

இரண்டு பெட்டரியையும் எப்போதும் கோர்த்தே வைப்பதும் தவறு. எஞ்சின் ஓடி வோல்ட் ஏறும்போது இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்று நடுவில் இருந்தால் ஸ்டார்ட் பெட்டரி காலியாகாது. பழைய ஹையேஸ், டவுன்ஏஸ் வேன்களுக்கு இது போதும். எரிபொருளைச் சேமிக்க ஒல்டர்னேட்டரின் வோல்டைக் கணினியே ஏற்றி இறக்கும் புதிய வேன்களில் அந்த ரிலே சரியாக வேலை செய்யாது. அவற்றுக்குத் தனி சார்ஜர் வேண்டும். லித்தியம் பெட்டரிக்கும் அப்படித்தான். ஒல்டர்னேட்டர் தரக்கூடிய அளவு முழுவதையும் அது உறிஞ்சும் என்பதால், சார்ஜர் இல்லாமல் நேராகப் பூட்டினால் பழைய ஒல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பழைய செல்களைக் கோர்த்துக் கட்டிய லித்தியம் பெட்டி என்றால் வேனுக்குள் ஏற்றவே கூடாது.

தண்ணீர் ஊற்றும் பெட்டரியை ஆள் உட்காரும், படுக்கும் இடத்தில் அடைத்து வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைதரசன் வாயு வரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பீடி நெருப்பு போதும். 100 அம்பியர்-மணி பெட்டரியின் பாரமும் ஏறத்தாழ 25 கிலோ. திடீரென்று பிரேக் அடித்தால் முன்னுக்குப் பாயாதபடி இரும்புப் பட்டியால் கட்டியிருக்க வேண்டும்.

வேன் எரிந்தால் வேனோடு போகும் என்றும் நினைக்க முடியாது. தோட்டத்தில் இரவில் வேன் நிற்பது பெரும்பாலும் லயத்துச் சுவரை ஒட்டித்தான். லயம் என்றால் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோன செய்தியை மலையகம் எத்தனையோ தடவை படித்திருக்கிறது. நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி அந்தக் குறுகிய மேட்டில் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்த பழைய வேன்காரருக்கு எரிந்த வேனுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

கம்பனியிலிருந்து வந்த வண்டியில் பிறகு ஏற்றிய மின்வேலை என்ன செய்யும் என்பதை இந்தியா கண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் திகதி ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் ஒரு தனியார் பஸ் எரிந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏசி இல்லாத பஸ்ஸாகப் பதிந்து, பிறகு ஏசி பூட்டிய வண்டி அது. ஏசி வயரிங்கில் ஏற்பட்ட ஷோட்தான் காரணம் என்று முதலில் சந்தேகிக்கப்பட்டது.

இங்கே 2025 ஜனவரியில் அரசாங்கத்தின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டிய அலங்காரங்களையும் விளக்குகளையும் கழற்ற வைத்தார்கள். சங்கங்கள் எதிர்த்தன, பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது. கண்ணுக்குத் தெரிந்த விளக்கு பிடிபட்டது. அதற்குப் போகும் வயரை யாரும் பார்க்கவில்லை. வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு முன் வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம். அந்தப் பரிசோதனையில் சைலன்சரைப் பார்க்கிறார்களே தவிர, சீட்டுக்குப் பின்னால் பார்ப்பதில்லை. வீட்டு மின் இணைப்பாளர்களுக்குத் தேசிய தொழில்சார் தகைமையை வைத்து உரிமம் கொடுக்கும் வேலையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னெடுத்தது நல்ல காரியம். வீட்டுக்கு ட்ரிப் சுவிட்ச் கேட்கும் நாடு, மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் வேனுக்கு ஒரு பியூஸாவது கேட்க வேண்டாமா?

இதைத் தண்டத்தில் தொடங்கக் கூடாது. சந்தியில் நிறுத்தி தண்டம் எழுதினால் பெட்டரியை இன்னும் ஆழமாக மறைத்து வைப்பார்கள், அவ்வளவுதான். ஊவாவில் தொழிற்பயிற்சி கொடுக்கும் நிலையங்கள் இரண்டு நாள் வகுப்பொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்தலாம். தோட்டத்தில் பிறந்து பதுளை, பண்டாரவளை கராஜ்களில் கையால் தொழில் பழகிய பையன்களுக்குக் கை இருக்கிறது. எந்த வயருக்கு எந்த பியூஸ் என்ற அட்டவணையை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. ஒரு பக்கத்தில் அச்சடித்து கராஜ் சுவரில் ஒட்டக்கூடிய விஷயம் அது. அனுமதிப்பத்திரம் வழங்கும் மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமே அதை அச்சிட்டுக் கொடுக்கலாம்.

பியூஸும் அதன் கூடும் ரப்பர் வளையமும் சேர்ந்தாலும் பெட்டரி விலையில் ஒரு சிறு பங்குதான். வேனில் இரண்டாவது பெட்டரி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றிப் பாருங்கள். தகரத்தைக் கடக்கும் இடத்தில் வயரைத் தடவிப் பாருங்கள், இரண்டு முனையிலும் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைப் பூட்டும் வரைக்கும் அந்த வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.