மண்வெட்டியும் பணிவும்

கற்றோர்க்கு அழகு அடக்கம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அவ்வடக்கத்தை நம் கைகளுக்குக் கற்பித்தோமா?

1920களில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கம் ஒரு கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்தத் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாச். பயிற்சிக்கு வந்த இளைஞர் தேன்கூட்டையும் கோழிக்கூட்டையும் கையாண்டு தொழில் பழகினர். கிராமத்தவர்க்குத் தானம் வழங்குவதன்று, அவர் தம் முயற்சியால் உயர வழிகாட்டுவதே தொண்டு என்பது அங்குள்ள கொள்கை. எச்சமயத்தவரும் அதனாற் பயன்பெற்றனர்.

ஏழை உழவன் உயர்வான் என்று உறுதியாய் எண்ணுதல் விசுவாசம். அவனுக்காகப் படித்தவன் குனிதல் பணிவு. சீடரின் பாதங்களைக் கழுவிய இயேசுநாதரைப் போற்றுவோர்க்கு இது இயல்பே.

நமக்கு மட்டும் இது புதிதா? உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதிகளிற் புல் செதுக்கிய அப்பரடிகளை நாம் வகுப்பிலே புகழ்கிறோம். ஆயினும், அண்மையில் ஒரு சிரமதானத்தன்று, மாணவரைப் புல் செதுக்க ஏவிவிட்டு, நாம் மரநிழலில் நின்றிருந்தோம்.

"சேர், அப்பர் சுவாமிகளும் நிழலிலேதான் நின்றவரோ?" என்றான் ஒருவன்.

நாணிப்போனோம். நம் வன்னியிலே, 2009இல் போர் முடிந்தபின் மீளக்குடியமர்ந்த பெற்றோர் பலர், பற்றை வெட்டி, வயல் திருத்தியன்றோ பிள்ளைகளைப் படிப்பித்தனர்! அக்கைகளைக் கண்டு கூசும் கல்வி கல்வியாகுமா?

மண்வெட்டியை வாங்கினோம். அரைமணியில் உள்ளங்கை கொப்புளித்தது. அன்று பாடம் கேட்டவர் நாமே, மாணவரல்லர்.